“சட்டம் பாஸாகிட்டுதாம்”: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சும் மொழிபெயர்ப்புமாக எனக்குக் காலம் போகிறது. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் அவர் நீதிமன்றத்தால் வரும்வரை வாங்கில் காத்திருக்கும் சனம் பொழுதுபோக்குக்கு என்னிடம்தான் கேள்வி கேட்கும். பாராளுமன்றத்தில் ஏதாவது நிறைவேறிய கிழமையென்றால் தேத்தண்ணி ஆறிவிடும், கேள்வி ஆறாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் சொந்த வழக்குக்கு இதை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள், அதற்கு ஆள் உள்ளே இருக்கிறார்.

இரவுச் செய்தியில் “சட்டமூலம் நிறைவேறியது” என்றால் விடிய எழும்பும்போது அது சட்டமா?

பெரும்பாலும் இல்லை. பாராளுமன்றத்தில் மூன்றாம் வாசிப்பு முடிந்து கை தூக்கிய பிறகும் அது சட்டமூலம்தான். சபாநாயகர் அதில் சான்றுரை எழுதிக் கையொப்பமிட வேண்டும். எங்கள் நாட்டில் சாதாரணச் சட்டமூலத்துக்கு ஜனாதிபதியின் கையெழுத்துத் தேவையில்லை, சபாநாயகரின் கையெழுத்தே போதும். பலருக்கு இது தெரியாது. மக்கள் தீர்ப்புக்கு, அதாவது நாடு முழுக்க வாக்கெடுப்புக்கு, போகும் சட்டமூலத்துக்கு மட்டும்தான் ஜனாதிபதி சான்றுரை கொடுப்பார்.

இணையத்தில் போடும் பதிவுகள் பற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பாருங்கள். பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2024 ஜனவரி 24. சபாநாயகர் கையொப்பமிட்டது பெப்ரவரி 1. இடையில் இருந்த ஒரு கிழமையில் எங்கள் வாங்கில் இருந்த பொடியன் ஒருவன் பேஸ்புக்கில் போட்ட பழைய பதிவுகளையெல்லாம் அழித்து முடித்துவிட்டான்.

சரி, சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டார். இனியாவது நடைமுறைதானே?

அதுவும் சட்டத்தின் முதலாம் பிரிவைப் பார்த்தால்தான் தெரியும். சில சட்டங்கள் சான்றுரை கிடைத்த அன்றே பிடிக்கும். சிலவற்றில் ‘அமைச்சர் வர்த்தமானியில் குறிக்கும் திகதியில்’ என்று எழுதியிருப்பார்கள் (வர்த்தமானி என்பது அரசாங்க அறிவித்தல் இதழ்). அந்தத் திகதியை அமைச்சர் குறிக்கும்வரை சட்டம் புத்தகத்தில் படுத்திருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு 2016 ஓகஸ்டில் சான்றுரை கிடைத்தது. விண்ணப்பம் போட முடிந்தது 2017 பெப்ரவரி 3இல் இருந்துதான். அது ஆறு மாதம், பரவாயில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022 மார்ச்சிலேயே சான்றுரை கிடைத்துவிட்டது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அதையும் தள்ளிப்போட்டார்கள். கடைக்காரர் உங்கள் தொலைபேசி இலக்கத்தை யாருக்கோ கொடுத்தார் என்று அந்தச் சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கப் போகிறவர்கள் முதலில் எந்தப் பிரிவு எந்தத் திகதியில் தொடங்கியது என்று பாருங்கள்.

கட்டளைச்சட்டம், சட்டம், நியதிச்சட்டம், ஒழுங்குவிதி, உபவிதி. இதெல்லாம் ஒன்றுக்குப் பல பெயரா?

இல்லை, ஒவ்வொன்றையும் ஆக்கும் இடம் வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை கட்டளைச்சட்டங்கள். அவற்றில் பல இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. பாராளுமன்றம் ஆக்குவது சட்டம். மாகாண சபை ஆக்குவது நியதிச்சட்டம். ஒரு சட்டத்தின் கீழ் அமைச்சர் எழுதுவது ஒழுங்குவிதி. மாநகர சபையும் பிரதேச சபையும் செய்வது உபவிதி. சந்தைக்குள் மாடு விடக்கூடாது என்பது உபவிதியாக இருக்கும், அதற்காகப் பாராளுமன்றத்தைத் திட்ட வேண்டாம்.

“புதுச் சட்டம் வந்து எங்கட காணியை எடுக்கப் போறாங்களாம்” என்று 2025இல் எல்லாரும் சொன்னார்களே, அது எந்தச் சட்டம்?

புதுச் சட்டம் ஒன்றுமே இல்லை. அதுதான் அதில் இருந்த பயம்.

2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் வந்தது. வடக்கில் மொத்தம் 5,941 ஏக்கர் காணி. யாழ்ப்பாண மாவட்டத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. இந்தக் காணிகளுக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து காட்டவேண்டும், இல்லாவிட்டால் அவை அரச காணியாகும். இதை வெளியிட்டது 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச்சட்டத்தின் கீழ். பாராளுமன்றத்தில் யாரும் கை தூக்கவில்லை, விவாதமும் இல்லை. தொண்ணூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கட்டளைச்சட்டத்தில் ஏற்கெனவே இருந்த அதிகாரம் அது.

அந்த நாட்களில் வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு ஐயா வந்தார். சொப்பின் பைக்குள் சொப்பின் பை, அதற்குள் நாலாக மடித்த காணி உறுதி. மடிப்பில் கிழிந்து, கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டி, அந்த செலோரேப்பும் மஞ்சளாகியிருந்தது. “இது ஒண்டுதான் தம்பி மிச்சம், மற்றதெல்லாம் சுனாமியோட போச்சு” என்றார். பேரன் தன்னுடைய போனில் வர்த்தமானியைப் பெருப்பித்துக் காட்ட, அவர் அதில் தன் காணியின் பெயரைத் தேடினார். எங்கள் ஊரில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயர் உண்டு. அவர் உறுதியில் இருந்தது பாட்டன் வைத்த பெயர். வர்த்தமானியில் இருந்தவை எல்லைகளும் இலக்கங்களும். அரை மணித்தியாலம் தேடியும் அவருடைய துண்டு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இடம்பெயர்ந்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் எந்த மூலைக்குப் போதும்?

ஜூன் மாதக் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. ஆனால் கவனியுங்கள், மீளப்பெற்றது அறிவித்தலை மட்டும். கட்டளைச்சட்டம் இருந்த இடத்தில் இருக்கிறது. புதிதாக நிறைவேறும் சட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படியானது கண்ணில் படாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும், இடையில் வரும் அதிவிசேட வர்த்தமானியையும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். உங்கள் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிப்பவர் ஒருவர் இருந்தால் அவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

சென்னைச் செய்தியில் ‘உயர் நீதிமன்றம்’ சொன்னால் மேலே ‘உச்ச நீதிமன்றம்’ என்று இன்னொன்று இருக்கிறதே?

அது அவர்களுடைய பெயர். இங்கே உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், பிறகு மேல் நீதிமன்றம், அதன்பிறகு மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம். அங்கே மசோதா, இங்கே சட்டமூலம். அங்கே சட்டசபை கூட்டத்தொடர், மாநில அரசு. இங்கே மாநிலமே கிடையாது, மாகாணம்தான். இரண்டு பக்கச் செய்தியையும் ஒரே வீட்டில் ஒரே பின்னேரத்தில் கேட்பதால் வரும் குழப்பம் இது.

225 பேரில் 113 பேர் ஆதரித்தால்தான் சட்டம் நிறைவேறும், இல்லையா?

இல்லை. அன்றைக்கு வந்து வாக்களித்தவர்களில் கூடுதலானவர்கள் ஆதரித்தால் சாதாரணச் சட்டமூலம் நிறைவேறிவிடும். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு ஆதரவாக 108 பேர், எதிராக 62 பேர். 113 வேண்டுமென்றால் அது தோற்றிருக்கும். வராமல் விட்டவர்களும் ஒருவகையில் வாக்களித்தவர்கள்தான் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு. 2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கிய சட்டமூலம் 151க்கு 1 என்று போனது.

அரசியலமைப்பில் கை வைப்பதென்றால் கணக்கு வேறு. அதற்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் வேண்டும். சில உறுப்புரைகளுக்கு மக்கள் தீர்ப்பும் வேண்டும்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு இப்போது 6 ஆசனம். 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 3, தமிழரசுக் கட்சிக்கு 1, தமிழ்க் காங்கிரசுக்கு 1, சுயேச்சைக் குழு ஒன்றுக்கு 1. உங்கள் உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பது பாராளுமன்றப் பேச்சுக்களின் பதிவான ஹன்சாட்டில் இருக்கும். திருவிழாவில் காணும்போது கேட்டுப் பாருங்கள்.

பிழையான சட்டம் வந்தால் வழக்குப் போட்டு உடைக்கலாமா?

இங்கேதான் எங்கள் நாடு இந்தியாவிலிருந்து முற்றாக வேறுபடுகிறது. இந்தியாவில் சட்டம் வந்து பல வருடம் கழித்தும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லலாம். எங்கள் 1978 அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரைப்படி, சான்றுரை விழுந்த பிறகு ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. கதவு சாத்தியாயிற்று.

கேட்பதென்றால் அதற்கு முன் கேட்க வேண்டும். சட்டமூலம் பாராளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும், நாள் கணக்கான ஒரு குறுகிய காலத்துக்குள் எந்தப் பிரஜையும் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். மனுப் போட்டால் நீதிமன்றம் மூன்று கிழமைக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும், அதுவரை பாராளுமன்றம் அந்தச் சட்டமூலத்தைத் தொட முடியாது. படிக்கும்போது நன்றாக இருக்கிறது. ஆனால் உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பில். சட்டமூலம் வெளிவந்த செய்தி கீரிமலையில் இருப்பவருக்குத் தெரியவந்து, அவர் தமிழ்ப் பிரதியைத் தேடி எடுத்து, வாசித்து, ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, இரவு பஸ் ஏறுவதற்குள் அந்த நாட்கள் போய்விடும். என் அபிப்பிராயத்தில் இந்த ஏற்பாடு கொழும்பில் இருப்பவர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது.

நீதிமன்றம் சொன்ன திருத்தங்களைச் சேர்க்காமல் சான்றுரை போட்டால்? நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் அந்தக் குற்றச்சாட்டுத்தான் வந்தது. சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள். 2024 மார்ச்சில் அது 75க்கு 117 என்று தோற்றது. சட்டம் சட்டமாகவே இருந்தது.

வட மாகாண சபை ‘இனப்படுகொலை’ என்று நிறைவேற்றியதே, அது சட்டமா?

2015 பெப்ரவரி 10இல் நிறைவேறியது தீர்மானம். அரசியல் ரீதியில் அதற்குப் பாரம் உண்டு, உலகமெல்லாம் அதைப் படித்தார்கள். ஆனால் தீர்மானம் யாரையும் சட்டப்படி கட்டாது. சபை சட்டம் ஆக்குவதென்றால் நியதிச்சட்டமாகத்தான் ஆக்க வேண்டும், அது ஆளுநரிடம் போக வேண்டும். அவர் சம்மதிக்கலாம், அல்லது திரும்ப யோசியுங்கள் என்று சபைக்கு அனுப்பலாம். சபை இரண்டாம் தடவையும் நிறைவேற்றினால், சம்மதிக்க வேண்டும், இல்லையேல் ஜனாதிபதி மூலமாக உயர் நீதிமன்றத்தின் கருத்துக்கு விட வேண்டும்.

நிதி சம்பந்தமான நியதிச்சட்டம் என்றால் ஆளுநரின் விதப்புரை (சிபாரிசு) இல்லாமல் சபையில் எடுக்கவே முடியாது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தில் அப்படி இருக்கிறது. முதலமைச்சர் நிதியம் அமைக்கும் நியதிச்சட்டம் ஆளுநரோடு இழுபட்ட கதை கைதடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தச் சபை இப்போது எங்கே?

கட்டடம் கைதடியில் இருக்கிறது. சபை இல்லை.

2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்து, 38 உறுப்பினரோடு தொடங்கி, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஏன் என்பதற்குப் பதில் ஒரு புதுச் சட்டம். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. பழைய விகிதாசார முறை போய், தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. அதற்குப் புதிதாகத் தொகுதி எல்லைகளைக் குறிக்க வேண்டும். குறித்தார்கள். அந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த பக்கமே அதற்கு எதிராக வாக்களித்தது.

பழைய முறை அழிந்துவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. மிதிவண்டியைக் கொடுத்துவிட்டு, வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குச் சில்லு இல்லை என்று நிற்பது போல. ஒன்பது மாகாணங்களும் அப்படித்தான் நிற்கின்றன, வடக்கு மட்டுமில்லை. வேலைகளை ஆளுநர் பார்க்கிறார், ஆனால் விவாதித்து நியதிச்சட்டம் ஆக்க ஆளில்லை.

‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று போட்டால் அந்தச் சட்டம் கொஞ்ச நாளில் போய்விடுமா?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்தது. 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். பெயரை மாற்றவில்லை. 2022இல் ஒரு திருத்தம் வந்தது. தடுப்புக் கட்டளையில் வைத்திருக்கக்கூடிய உச்ச காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் மகன் அந்தத் ‘தற்காலிக’த்தில் எத்தனை வருடம் உள்ளே இருந்தான் என்று எனக்குத் தெரியும். அதனால் அவருக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. “போகாது அம்மா” என்று மட்டும் சொன்னேன்.

புதுச் சட்டங்கள் வந்து வந்து தேசவழமை இல்லாமல் போய்விடுமா?

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1706, 1707இல் எழுத்தில் எடுத்தார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார்கள். 1911இல் திருமணமானவரின் சொத்துக்கும் உரித்துக்கும் தனிக் கட்டளைச்சட்டம் வந்தது, 1947இல் அதையும் திருத்தினார்கள். காணி விற்கும்போது பங்குக்காரருக்கும் உரித்துடையவருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற முற்கொள்வனவு விதியும் 1947இல் தனிக் கட்டளைச்சட்டமானது. ஆகவே தேசவழமை அப்படியே கல்வெட்டாக இருக்கவில்லை, மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பொதுவான ஒரு சட்டம் வந்ததால் மட்டும் அது தானாக அழியாது.

அடுத்த கேள்வி எப்போதும் பெண்களிடமிருந்து வரும். “என்ர சீதனக் காணியை விக்க ஏன் அவற்ர கையெழுத்து?” 1911 கட்டளைச்சட்டத்தின்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் விற்பதற்கு அப்படி ஒன்றும் வேண்டாம். அரசியலமைப்பில் சமத்துவம் எழுதியிருக்கிறதே என்றால், 16ஆம் உறுப்புரை குறுக்கே நிற்கும். அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லுபடியாகும் என்கிறது அது. மாற்றுவதென்றால் பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும். கணவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத பெண்கள் இந்தக் கையெழுத்துக்காக நீதிமன்றப் படி ஏறுவதைப் பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன், எங்களுடைய வழமை என்ற பெருமையோடு இதையும் கட்டிக் காப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

சட்டத்தைத் தமிழில் எடுக்கலாமா? தமிழ்ப் பிரதியை நம்பலாமா?

எடுக்கலாம். பாராளுமன்ற இணையத்தளத்திலும் அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் தளத்திலும் மூன்று மொழியிலும் கிடைக்கும். காசு இல்லை. ஆண்டையும் இலக்கத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ‘9ஆம் இலக்கச் சட்டம்’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. 2022இன் 9 தரவுப் பாதுகாப்பு, 2023இன் 9 ஊழல் எதிர்ப்பு, 2024இன் 9 நிகழ்நிலைக் காப்பு. ஆண்டு பிறந்தால் இலக்கம் ஒன்றிலிருந்து தொடங்கும்.

நம்புவது பற்றி: எடுத்த சட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரட்டுங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒரு பிரிவு இருக்கும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் எழுதியது, ஆனாலும் கடைசிப் பிரிவு மாறவில்லை. அதனால் வழக்கு ஒரு சொல்லில் தொங்கும்போது நான் தமிழ்ப் பிரதியோடு சிங்களப் பிரதியையும் மேசையில் வைப்பேன். தமிழ் வசனம் அரைப் பக்கத்துக்கு நீண்டு எழுவாயைத் தொலைத்துவிட்டதென்றால், மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் செய்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த இடத்தில் இரண்டு தடவை பாருங்கள்.

“சட்டம் வந்திட்டுது, எங்களுக்கு இன்னும் சுற்றுநிருபம் வரேல்லை” என்று கந்தோரில் திருப்பி அனுப்புகிறார்களே?

எனக்கும் இது நடந்தது. எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை யன்னலுக்குள் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் அதே வசனத்தைச் சொன்னார்.

சுற்றுநிருபம் என்பது மேலிடம் தன் உத்தியோகத்தருக்கு எழுதும் கடிதம். சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தால், சுற்றுநிருபம் வரவில்லை என்பதற்காக அது நின்றுவிடாது. சில வேலைகளுக்குப் படிவமும் கட்டணமும் ஒழுங்குவிதியில் வரவேண்டியிருக்கும், அப்போது அவர் சொல்வதில் நியாயம் உண்டு. எது என்று வாய்ச்சண்டையில் தெரியாது. எழுத்தில் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கந்தோரின் தகவல் அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்: இந்த ஆண்டின் இந்த இலக்கச் சட்டத்தின் இந்தப் பிரிவை நடைமுறைப்படுத்த உங்களுக்குக் கிடைத்த சுற்றுநிருபங்களின் பிரதி தாருங்கள், கிடைக்கவில்லையென்றால் அதை எழுதித் தாருங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் உங்களிடம் காரணம் கேட்க முடியாது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நான் தமிழில்தான் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் தொலைபேசி வந்தது, “ஐயா, உங்கட அலுவல் முடிஞ்சுது, வந்து எடுங்கோ” என்று. சுற்றுநிருபத்தின் பிரதி மட்டும் இன்றுவரை வரவில்லை. கடிதம் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்குங்கள். கொடுத்த திகதி அதில் இருக்கிறதா என்று யன்னலடியிலேயே பாருங்கள், எனக்குத் திகதி போடாமல்தான் நீட்டினார்கள்.